நடுங்காத கை

மனைவி பூரணியின் சிறுநீரகத்தைப் பொருத்தியதிலிருந்து காசிலிங்கத்துக்குக் கை நடுங்கியது. அது மாத்திரையால் வருவது, ஆனால் மாத்திரையை நிறுத்தினால் உடம்பு புதுச் சிறுநீரகத்தை விரட்டிவிடும் என்றார் டாக்டர். அன்றிலிருந்து தையல் மெஷினுக்குப் பூரணிதான் நூல் கோத்துக் கொடுத்தாள். இன்று அவர் நூல் நுனியை எச்சிலில் நனைத்து, ஒரே முறையில் ஊசிக்குள் நுழைத்தார்.

"கை நல்லா நிக்குதே?"

"நின்னா சந்தோஷப்படேன்டி."

"மாத்திர?"

"ஒன் கண்ணு முன்னாடிதானே முழுங்குறேன், போலீஸ்காரி."

அவள் சிரிக்கவில்லை. மறுநாள் காலை மாத்திரையை அவர் நாக்கில் தானே வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்து முடித்ததும், இடுப்பிலிருந்த தன் தழும்பின் மேல் கை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இப்ப ஏதாவது பேசுங்க."

அவர் புன்னகைத்தார், உதடு பிரியாமல்.