பப்பாளிக்குக் கட்டுன செருப்பு

பூத்துப் பூத்துக் கொட்டுதே தவிர, அந்தப் பப்பாளி மரத்துல ஒரு காய் புடிக்கல. அது ஆம்பள மரமாம். ரோசம் வந்தாவது காய்க்கட்டும்னு ஒத்தச் செருப்பையும் வெளக்கமாத்தையும் அதுல கட்டித் தொங்கவிட்டாரு தோட்டக்காரரு. இன்னும் காய்க்கலேன்னா வெட்டிருவேன்னு சொல்லிட்டுப் போனாரு.

செருப்புக்கு ஒரே சந்தேகம். "டேய், நெசமாவே நீ ஆம்பளயா, இல்ல காய் சுமக்கச் சோம்பல்பட்டு நடிக்கிறியா?"

"ஆம்பளன்னு சொன்னது ஊரு. என்னைய யாரு கேட்டா?"ன்னுச்சு மரம்.

"அதெல்லாம் வெதையிலயே முடிவாயிரும்"னுச்சு வெளக்கமாறு.

"கிழிச்சுது. எல்லாம் வளப்புதான். இப்பப் பாரு!"ன்னு சொல்லிட்டு, காத்தடிக்கிறப்பல்லாம் மரத்தைச் சாத்து சாத்துனு சாத்துச்சு செருப்பு.

ஒருநாள் காலையில கொப்புளமாட்டம் ஒரு பிஞ்சு எட்டிப் பாத்துச்சு.

"என் அடி!"ன்னு குதிச்சுது செருப்பு.

"அதோட வெதை!"ன்னுச்சு வெளக்கமாறு.

"டேய்... அடியே... ஏதோ ஒண்ணு, நீயே சொல்லு!"ன்னு மரத்துகிட்டப் பாஞ்சுது செருப்பு.

"அப்புறம் சொல்றேன். அவரு அருவாளோட வர்றாரு. யக்கோவ் வெளக்கமாறு, கொஞ்சம் ஒதுங்கு, பிஞ்சை மறைக்கிற!"

வெளக்கமாறு ஒதுங்குச்சு. பிஞ்சைப் பாத்ததும் தோட்டக்காரரு அருவாளக் கீழ போட்டாரு.

செருப்புக்கு மட்டும் சந்தேகம் தீரல. ஆடி ஆடிப் பிஞ்சுகிட்டப் போயி, காதோட காதாக் கேட்டுச்சு: "நீ ஆணா, பொண்ணா?"