சத்தம் இல்லாமல்

துணி இறக்கை தைத்த உடையில் என் கணவன் இனியன் மலை விளிம்பிலிருந்து கடைசியாகப் பாய்ந்ததை நான்தான் செல்போனில் எடுத்தேன். துக்கம் கேட்க வந்தவர்களுக்குச் சத்தத்தை அணைத்துவிட்டுக் காட்டினேன்.

“கழுகேதான்!” என்றார் அவன் சித்தப்பா.

“கல்யாணமானவனுக்கு எதுக்கு இந்தக் கிறுக்கு?” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

பாய்வதற்கு முன் அவன் திரும்பி, “காத்து சரியில்ல, நாளைக்குப் பாத்துக்கலாமா?” என்று கேட்டதும், “என்னடா, பயந்துட்டியா?” என்று நான் சிரித்ததும் யாருக்கும் தெரியாது.

எல்லோரும் போனபின் அவன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து கண்களை மூடிக்கொண்டார்.

“படம் வேணாம்மா. அவன் குரலை மட்டும் ஒரு தடவ போடு.”

சத்தத்தைக் கூட்டினேன். முதலில் காற்று மட்டும் இரைந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.