பதாகையில் இடமில்லை

ஒரு கல்லூரியில் அணிலும் முள்ளம்பன்றியும் மாணவர் குழு ஒன்றைத் தொடங்கின. எவரும் திறந்து பார்த்து, திருத்தி, பகிர்ந்துகொள்ளக்கூடிய மென்பொருளை மட்டுமே பயன்படுத்துவது அதன் கொள்கை. பெயரும் முடிவாயிற்று: "கட்டற்ற மென்பொருள் பயனர் குழு."

எவரும் திறந்து பார்க்க முடியாதபடி பூட்டிய மென்பொருள் விற்கும் மரநாய், தானே பதாகை அடித்துத் தருவதாக வந்து நின்றது.

"சும்மாவா?" என்றது முள்ளம்பன்றி.

"பிள்ளைகள் மேல் ஒரு பாசம்தான், தம்பி. ஆனால் பெயர் நீளம், துணியில் இடம் போதாது. முதல் சொல்லை எடுத்துவிடலாமே?"

"ஏன், கடைசிச் சொல்லை எடுத்தால் ஆகாதா?"

"உனக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம்!" என்று அணில் சீறியது. "நாளைக்குக் கூட்டம். பதாகை இல்லாவிட்டால் யார் வருவார்கள்? ஒரு சொல்தானே, அது நம் மனத்தில் இருக்கும்."

மறுநாள் பதாகை வந்தது. "மென்பொருள் பயனர் குழு" என்ற பெயர் ஓர் ஓரத்தில் ஒடுங்கிக் கிடந்தது. மீதித் துணி முழுவதும் மரநாய்க் கடையின் பெயர். பக்கத்தில் மரநாயின் சிரித்த முகம்.

முள்ளம்பன்றி அணிலைப் பார்த்தது.

அணில் குனிந்து பதாகையின் விளிம்பைத் தடவியது.

"ஆனாலும் துணி நல்ல துணி, தோழர்" என்றது.