ஷேரு நடக்கும் நாள்

தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்து, சிவனாண்டி நாயின் காலைத் துடைத்தார். அந்தத் துண்டை மனைவி சீனியம்மாளைக்கூடத் தொட்டு மடிக்க விடாதவர் அவர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மும்பை மாட்டுங்காவில் கால்நடை மருத்துவரின் அறைக்கு வெளியே மழை கொட்டியது. தாராவியில் இரண்டு டாக்சிக்காரர்கள் நாயை ஏற்ற மாட்டேன் என்றுவிட்டார்கள். மூன்றாவது டாக்சியில் ஷேருவைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து சேர்ந்திருந்தார் சிவனாண்டி.

மருந்து எடுத்துக் கொடுக்கும் கரீம் பாட்சா தாராவிக்காரர். சிவனாண்டியின் மளிகைக் கடையில் அரிசி வாங்குகிறவர். “என்ன அண்ணாச்சி, கடைப் பக்கம் நாய் வந்தா தராசுப் படிக்கல்லத் தூக்கி எறிவீங்க. இன்னைக்கு மடியில வச்சிருக்கீங்க?”

“மருந்த எடுத்து வையும் பாய்” என்றார் சிவனாண்டி.

ஷேரு அவருடைய நாய் அல்ல. மகள் சங்கரேஸ்வரி குட்டியாக எடுத்துவந்து வளர்த்தது. பதினோரு மாதத்துக்கு முன்னால் அவள் வேறு சாதிப் பையன் ஒருவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு எங்கோ போய்விட்டாள். அன்றிலிருந்து அவள் பெயரை அந்த வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. நாயையும் விரட்டச் சொன்னார். சீனியம்மாள்தான் காலில் விழுந்து தடுத்தாள்.

அந்த மனிதர்தான் இன்று நாய்க்குக் கால் துடைக்கிறார். மனசு இளகிவிட்டதோ என்று அவளுக்குத் தோன்றியது. மகள் ஒருநாள் திரும்பப் படியேறி வருவாள் என்ற ஒரே நம்பிக்கையில்தான் அவள் உயிரோடு இருந்தாள்.

டாக்டர் வேங்கடசுப்ரமணியன் ஷேருவின் முன்னங்காலைத் தூக்கி, உள்ளே குத்தியிருந்த கண்ணாடிச் சில்லை இடுக்கியால் எடுத்தார்.

“பயப்பட ஒண்ணுமில்லை சார். கட்டுப் போட்டுடறேன்.”

“எத்தன நாள்ல நடக்கும் டாக்டர்?”

“ஒரு வாரம் ஆகும்.”

“நல்லா தூரமா நடக்குமா? பழையபடி?”

“ஓட்டமே ஓடும்!” டாக்டர் சிரித்தார். பிறகு மற்ற மூன்று கால்களையும் விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தார். “மழைக்காலத்துல இங்க வர்ற நாய்க்கெல்லாம் விரல் இடுக்குல புண் இருக்கும். ஈரம் தங்கிடும். இதுக்குப் பாருங்கோ, முடியை ஒட்ட வெட்டி, நகத்தை மழுக்கி, புண்ணே வராம பாத்துண்டிருக்கா. உங்க பொண்ணுக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன். அப்படியே பண்றா. எங்க அவ, வரலையா?”

சீனியம்மாள் ஷேருவின் காலை ஒருநாளும் தொட்டதில்லை. மதியம் அவிழ்த்துவிட்டால் அது எங்கோ போய்விட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வரும். அது எங்கே போகிறது என்று இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மகள் நடந்து போகிற தூரத்தில்தான் இருக்கிறாள்.

“அவ ஊருக்குப் போயிருக்கா டாக்டர்” என்றாள் அவசரமாக. “எல்லாம் நாந்தான் செய்யுதேன்.”

சிவனாண்டி அவள் பக்கம் திரும்பவே இல்லை.

“பேஷ்! ஆனா ஒண்ணு. மழை நிக்கற வரைக்கும் கட்டியே வெச்சுக்கோங்கோ. தெருத் தண்ணியில எலி மூத்திரம் கலந்திருக்கும். தடுப்பூசி போட்டிருந்தாலும் ஜாக்கிரதையா இருக்கணும்.”

“கட்டிப் போட வேண்டாம் டாக்டர்” என்றார் சிவனாண்டி. “வாயில்லாத சீவன். அது போற எடத்துக்குப் போயிட்டு வரட்டும்.”

“வாயில்லாத ஜீவனுக்கும் ஜுரம் வரும் சார். சரி, வெளில போனா உடனே காலை அலம்பி விடணும்.”

“அலம்பி விட ஆளு இருக்கு.”

சீனியம்மாள் தலை குனிந்து சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திரும்பி வரும் டாக்சியில் ஷேரு அவர் மடியில் தூங்கிவிட்டது. சாலையில் முழங்கால் அளவு தண்ணீர், வண்டி ஊர்ந்தது. பாதி வழியில் அவள் துணிந்து கேட்டாள்.

“டாக்டர்ட்ட நான் சொன்னது பொய்யின்னு ஒங்களுக்குத் தெரியுமா?”

“நீ என்னைக்குடி நாய்க்கு நகம் வெட்டுன? எனக்கு இது தெரிஞ்சு பத்து நாளாச்சு. வெளிய போன நாயி தானாவா முடியக் கத்தரிச்சிக்கிட்டு வரும்?”

“தெரிஞ்சுதான் வைத்தியம் பாக்கக் கூட்டியாந்தியளா?”

“தெரிஞ்சுதான்.”

அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை. அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். “ஒங்க மனசு யாருக்கு வரும்? பிள்ள முழுகாம இருக்காளோ என்னவோ. நான் ஒரு தடவ தூரத்துல நின்னு பாத்துக்கிட்டாப் போதும்.”

அவர் கையை உருவிக்கொள்ளவில்லை. அவள் அழுது முடிக்கும்வரை பொறுத்திருந்தார். பிறகு இன்னொரு கையால் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, தம்பி கணேசபாண்டியனை அழைத்தார்.

“பாண்டி, நாய்க்கு ஒரு வாரத்துல கால் சரியாயிருமாம்” என்றார், அதன் தலையைத் தடவிக்கொண்டே. “அடுத்த ஞாயித்துக்கெழம அவுத்து விடுதேன். நீங்க நாலு பேரும் அது பின்னாலயே போங்க.”