இரண்டு சாடிக் கருவாடு

கல்மண்டபத்துக் கிடங்கிலிருந்த கருவாட்டில் புழு நெளிந்தது. கதவைத் திறந்து போட்டு ஈக்களை உள்ளே விட்டவர் கூட்டாளி ஜெயக்கொடியே என்று ஹுமாயூன் ஐயுற்றார்.

"ஈ இன்னா பண்ணும் பாய்?" என்றார் ஜெயக்கொடி. "ஒலகத்துல மொத உசுரே சேத்துல தானா பொறந்ததுதான். ஈரம் பட்டா கருவாட்டுலயும் பொறக்கும்."

"மொத உசுர ஆண்டவன் குடுத்தான் அண்ணாச்சி. அப்பால உசுருலேர்ந்துதான் உசுரு. ரூபிச்சுக் காட்றேன். நீ தோத்தா நம்ம கூட்டு முறிஞ்சுது!"

இரண்டு சாடிகளில் நல்ல கருவாட்டை இட்டு, ஒன்றின் வாயை மட்டும் துணியால் இறுகக் கட்டினார் ஹுமாயூன். எவரையும் நம்பாதவராதலால், அவற்றைத் தம் வீட்டிலேயே வைத்து, அந்நியர் எவரும் வாசற்படி மிதியாதவாறு காவல் காத்தார்.

சில நாட்கள் கழிந்தபின், ஜெயக்கொடியின் முன்னிலையில் துணியை அவிழ்த்தார். இரண்டு சாடிகளிலும் புழு!

"இப்ப இன்னா சொல்ற பாய்?" என்று நகைத்தார் ஜெயக்கொடி.

"எவனோ திருட்டுத்தனமா தொறந்துகீறான்!" என்று ஹுமாயூன் அவரையே முறைத்தார்.

அடுப்படியிலிருந்து மனைவி காத்தூன் பீவி எட்டிப் பார்த்தாள்.

"நான்தாங்க தொறந்தேன். தொறந்த சாடியில ஒரே ஈ, கலீஜா கீது. அதான் தெனமும் மூடின சாடியிலேர்ந்தே எடுத்து உங்களுக்குக் கொழம்பு வெச்சேன். நேத்துகூட இன்னொரு துண்டு கேட்டு வாங்கித் துன்னீங்களே!"