ஜோடிப் படகு

பாலத்தின் இரும்புக் கால்களுக்கு நடுவே சூரியன் இறங்குகிறது. ஆறு முழுக்கத் துருவின் நிறம். ஜோடிகளுக்கென்றே வாடகைக்கு விடும் அந்தப் படகில் ஓர் இளம்பெண்ணும் அவள் கணவனும் ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். படகுக்காரரின் மனைவி அவர்கள் காலடியில் ரோஜா இதழ்களைத் தூவுகிறாள், காற்றில் அணையாத பேட்டரி மெழுகுவத்திகளை ஒவ்வொன்றாக எரியவிடுகிறாள். பிறகு கூரைக் கம்பியை இரண்டு முறை தட்டுகிறாள். பின்னால் சுக்கான் பிடித்திருக்கும் படகுக்காரர் என்ஜினை நிறுத்துகிறார். படகுக்காரரும் மனைவியும் முகம் கொடுத்துப் பேசி ஐந்து நாளாகிறது. இந்தத் தட்டல் மட்டும்தான் மிச்சம். அவளுடைய துணிப்பை பலகைக்கடியில் தயாராக இருக்கிறது.

“அக்கா, நீங்களும் அண்ணனும் சேர்ந்து நில்லுங்க, ஒரு போட்டோ எடுக்கறேன்” என்கிறாள் இளம்பெண். “இன்னும் கிட்ட வாங்க.” பதினாறு வருடப் பழக்கத்தில் மனைவியின் தலை அவர் தோள்பக்கம் சாய்கிறது; தொடுமுன் நிமிர்ந்துகொள்கிறது.

“சூப்பர்! யாருக்கு அனுப்பட்டும்?”

“அவருக்கே அனுப்பும்மா. நான் கரை இறங்குனதும் எங்கக்கா வீட்டுக்குப் போறேன்.”

“எப்ப வருவீங்க?”

படகுக்காரரின் மனைவி குனிந்து மெழுகுவத்திகளை அணைக்கிறாள். என்ஜின் மறுபடி உறுமுகிறது, கரை நெருங்குகிறது. அவள் கம்பியை இரண்டு முறை தட்டுகிறாள். என்ஜின் நிற்கவில்லை. மறுபடி தட்டுகிறாள். காதில் விழாதவர்போலப் படகுக்காரர் சுக்கானை நடு ஆற்றுக்குத் திருப்புகிறார்.

“ஐ, இன்னொரு ரவுண்டு!” என்று இளம்பெண் கைதட்டுகிறாள். மனைவி துணிப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, விலகிப்போகும் கரையைப் பார்த்தபடி உட்கார்கிறாள்.