காயாத மெத்தை

சுகந்தி தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் முன், மகன் தினுசனின் மெத்தையை லயத்து வீட்டு வேலியில் காயப்போடுவாள். நாலு வயதாகியும் பிள்ளை படுக்கையை நனைத்துக்கொண்டிருந்தான். "இன்னைக்கும் ஊத்திட்டியா?" என்று தினமும் ஏசுவாள்.

காய்ச்சலுக்குக் குடிக்கக் கொடுத்த பாணி மருந்தில் நஞ்சு கலந்திருந்தது பிறகுதான் தெரியவந்தது. அதற்குள் பிள்ளைக்குச் சிறுநீர் நின்றுவிட்டது. கண்டி ஆஸ்பத்திரியில் தாதி வரும்போதெல்லாம், "ஒண்ணுக்குப் போனானா?" என்று மட்டும் கேட்டாள். சுகந்தி விரிப்பைத் தடவிப் பார்ப்பாள். காய்ந்தே கிடக்கும். "ஒரு தடவ நனைச்சிரு சாமி, அம்மா ஏச மாட்டேன்," என்று வீங்கிப்போன அவன் முகத்தருகே குனிந்து சொன்னாள். அவன் நனைக்காமலே போய்விட்டான்.

கருமாதி முடிந்த மறுநாள் காலை, அலுமாரிக்கு மேல் சுருட்டி வைத்திருந்த மெத்தை நனைந்திருந்தது. கணவன் ரவிக்குமார் கூரைத் தகரத்தை அண்ணாந்து பார்த்தான். ஒழுகிய தடம் இல்லை.

"எரிச்சிருவோம்," என்றான்.

"வேணாங்க. ஒண்ணுக்குப் போயிட்டான்ல."

சுகந்தி அதை வேலியில் காயப்போட்டாள். மாலையில் எடுத்து அவன் படுக்கும் பழைய இடத்திலேயே விரித்தாள். மறுநாளும் நனைந்திருந்தது. வேலைக்குப் போகிற பெண்கள் பார்த்தார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மெத்தை காயவில்லை. "ஈரத்துல படுக்காத சாமி, அம்மாக்கிட்ட வந்துரு," என்று சொல்லி, சுகந்தி தன் பாயில் சுவரோரமாக இடம் விட்டுப் படுத்தாள்.

விடிந்தபோது அவள் சேலை ஒருபக்கமாக நனைந்திருந்தது. ஈரத்தில் இன்னும் சூடு இருந்தது. அது ஆறும்வரை அவள் அசையாமல் படுத்துக் கிடந்தாள்.